வீட்டு ஹாம் நிலையத்துக்கும் ஆன்டெனா டவருக்கும் எர்த் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பொழுதுபோக்காகச் சொந்த வானொலி நிலையம் நடத்தும் ஹாம் வானொலிக்காரர்கள் வீடுகளில் ஒரு பழக்கம் பரவலாக இருக்கிறது. ஷேக் எனப்படும் வானொலி அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே தரையில் ஒரு கம்பியை அடிப்பார்கள். ரிக் என்ற ரேடியோ கருவியின் பின்புறத் திருகிலிருந்து ஒரு ஒயரை இழுத்து அதில் மாட்டிவிட்டு, ரேடியோவுக்குத் தனி எர்த் போட்டாச்சு என்று நிம்மதியாக இருப்பார்கள். வீட்டு எர்த் குழியோ மறுபக்கம், மீட்டர் பெட்டிக்கு அருகில் இருக்கும். இரண்டுக்கும் தொடர்பு இருக்காது. தொடர்பு இருக்கவே கூடாது என்று சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. இதை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அந்தத் தனி எர்த்தான்.

அதில் என்ன ஆபத்து? நடுத்தரமான ஒரு மின்னலின் முதல் வீச்சில் உச்ச மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். டவரின் எர்த் 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல எர்த்தான். ஆனாலும் மின்னல் இறங்கும் அந்தக் கணத்தில் டவரின் அடிப்பகுதி 3 லட்சம் வோல்ட்டுக்கு ஏறிவிடும். ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளின் உலோக மேலுறை வழியாக ரிக்கும் கூடவே ஏறும். அதே ரிக்கின் பவர் சப்ளை மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தில் மாட்டியிருக்கிறது. அது கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் நிற்கிறது. இந்த வித்தியாசம் முழுவதும் தீர்த்துக்கொள்ளக் கிடைக்கும் இடம் உங்கள் மேசை. இரண்டு எர்த்தையும் தரைக்கு அடியில் தடித்த கடத்தியால் இணைத்துவிட்டால், ஒரே குளத்தில் மிதக்கும் தோணிகள் போல எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும். கருவிகளுக்குள் பாய்வது பெருமளவு குறைந்துவிடும். ஆகவே கம்பிகள் எத்தனை இருந்தாலும் எர்த் அமைப்பு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் இதை ஒட்டியதுதான்.

தமிழ்நாட்டில் சாதாரணமாகக் காணும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். மாடி வீடு, முதல் மாடியில் ஷேக், தோட்டத்தில் சாயாமல் இருக்க ஸ்டே கம்பிகளால் இழுத்துக் கட்டிய, மூன்று கால் உள்ள 12 மீட்டர் லாட்டிஸ் டவர், மேலே யாகி என்ற திசை ஆன்டெனா, டவரிலிருந்து இழுத்துக் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் என்ற ஒயர் ஆன்டெனா. மொட்டை மாடியில் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், நட்டிருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் வீட்டு வயரிங்

டவரைத் தொடுவதற்கு முன் டிபி பாக்ஸை, அதாவது வீட்டு மின்விநியோகப் பெட்டியை, திறந்து பாருங்கள். மின்கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா? இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான்.

நம் ஊரில் மின்வாரியம் ஃபேஸும் நியூட்ரலும் தருகிறது, எர்த்தை நாம் போட்டுக்கொள்கிறோம். கருவியின் உலோக உடலில் ஃபேஸ் தொட்டுவிட்டால், மின்சாரம் உங்கள் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போய், மண் வழியாகவே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். நடுத்தர மண்ணில் 3 மீட்டர் கம்பி ஒன்றின் தடை 33 ஓம் பக்கம் வரும். 230 வோல்ட்டை 33 ஓமால் வகுத்தால் 7 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி இதற்கு ட்ரிப் ஆகவே ஆகாது. கருவியின் உடல் மின்சாரத்தோடு அப்படியே நிற்கும். அதைக் கண்டுபிடித்து வெட்டிவிடுவது ஆர்சிசிபிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்க ஹாம்கள் எழுதியதைப் படித்துத்தான் நம்மில் பலர் கற்றுக்கொள்கிறோம். அங்கே மெயின் பேனலில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக இணைப்பது விதி. அதைப் பார்த்து இங்கே யாரும் அப்படிச் செய்துவிடக் கூடாது. இங்கே ஈபி கம்பத்தில் நியூட்ரல் அறுந்துபோனால், உங்கள் வீட்டு மின்னோட்டமும் அக்கம்பக்கத்து வீடுகளின் மின்னோட்டமும் உங்கள் எர்த் கம்பி வழியாகப் போகத் தொடங்கும். வீட்டிலுள்ள உலோக உடல்கள் எல்லாம், டவர் உட்பட, ஷாக் அடிக்கும். நியூட்ரல் நியூட்ரலாகவே இருக்கட்டும்.

ஷேக்கிலுள்ள பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரிக்கின் உடலையோ கம்ப்யூட்டர் பெட்டியையோ தொடும்போது விரலில் சுருக்கென்றால், அந்த பாயிண்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் வகைப் பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் எர்த் இல்லாத உடலை 115 வோல்ட் அளவில் மிதக்கவிடும். மின்னோட்டம் சிறியதுதான். ஆனால் எர்த் அறுந்திருக்கிறது என்று அது உங்களிடம் சொல்லிவிடுகிறது. டிபி வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

தாளில் வரைந்த பிறகே கடப்பாரை

வீட்டின் தரைப்படம் ஒன்று வரைந்து மீட்டர் பெட்டி, இப்போதுள்ள எர்த் குழி, டவர் நிற்கப்போகும் இடம், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். கேபிள் நுழையும் இடம் வீட்டு எர்த் குழிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இதற்காக ஷேக்கை வேறு அறைக்கு மாற்ற வேண்டி வந்தாலும் மாற்றலாம் என்பேன். அறையை மாற்றுவது ஒரு நாள் வேலை. வீட்டைச் சுற்றித் தடித்த செம்புக் கம்பி புதைக்கிற செலவு அதைவிடப் பெரிது.

இன்னொன்றும் குறியுங்கள். டவர் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும், ஆன்டெனாவின் நீளத்தையும் சேர்த்து, ஈபி கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். 11 கேவி லைன் பக்கத்தில் போகிற இடத்தில் டவர் நடவே வேண்டாம். எந்த எர்த்தும் அதற்குப் பதில் சொல்லாது.

டவரின் அடி

டவருக்குக் குழி தோண்டி கான்கிரீட் போடுகிற அன்று ஒரு நல்ல வாய்ப்பு கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் வெடிமருந்துக் கிடங்குகளை மின்னலிலிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. காய்ந்த மண்ணில் கம்பி அடித்துப் பயனில்லை. ஹெர்பர்ட் யூஃபர் என்ற பொறியாளர் அஸ்திவாரக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளையே எர்த்தாகப் பயன்படுத்திக் காட்டினார். கான்கிரீட் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மண்ணோடு பெரிய பரப்பில் ஒட்டியிருக்கும். ஆகவே முறுக்குக் கம்பிக் கூட்டைக் கட்டும்போதே, டவரின் ஆங்கர் போல்ட்டுகளையும் கூட்டையும் நன்றாக இணைத்து, ஒரு முனையை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு இதைச் செய்ய வழியில்லை. ஏற்கெனவே போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், அடுத்து வரும் கம்பிகளில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

இந்தக் கூடு மட்டும் போதாது. டவரைச் சுற்றி மூன்று அல்லது நான்கு திசைகளில் கடத்தி இழுத்து அதில் எர்த் கம்பிகள் அடிக்க வேண்டும். செம்பு பூசிய 3 மீட்டர் ராடுகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒன்றுக்கொன்று 6 மீட்டராவது, அதாவது நீளத்தைப் போல இரண்டு மடங்காவது, இடைவெளி வேண்டும். ஒரே குழிக்குள் நான்கு ராடுகளை நெருக்கி அடித்தால் கிட்டத்தட்ட ஒரே ராடு அடித்த மாதிரிதான். தள்ளித் தள்ளி நான்கு அடித்தால் அந்த 33 ஓம் 10 ஓம் பக்கம் இறங்கும்.

நான்கையும் ஒரே திசையில் நீளமாக இழுக்கத் தோன்றும். வேண்டாம். ஒரு மீட்டர் கடத்திக்குச் சுமார் ஒரு மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. மின்னல் மின்னோட்டம் ஒரு மைக்ரோ செகண்டுக்கு 10,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால், ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் எழும். தொலைவில் இருக்கும் ராடுக்கு அந்த வேகமான மின்னோட்டத்தில் சிறு பங்குதான் போய்ச் சேரும். மூன்று திசைகளில் 6 முதல் 10 மீட்டர் வரை போகும் குட்டையான கைகள், ஒரு திசையில் 30 மீட்டர் போகும் கையைவிட நன்றாக வேலை செய்யும். டவர் எர்த்தில் ஓம் கணக்கைவிட நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

கடத்தியை அரை மீட்டர் ஆழத்தில் புதையுங்கள். 25×3 மிமீ செம்புப் பட்டை சிறப்பு. செம்பின் விலையும் திருட்டுப் பயமும் இருப்பதால் பலர் அதே அளவு ஜிஐ பட்டை போடுகிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு, மின்வேதியியல் கணக்கில் செம்பைப் போலவே நடந்துகொள்ளும். அதோடு மண்ணில் வெறுமையாகக் கிடக்கும் ஜிஐயை இணைத்தால், ஜிஐதான் அரிபடும். முதலில் துத்தநாகம் போகும், பிறகு இரும்பும் போகும். அஸ்திவாரக் கம்பியோடு இணைக்கிறீர்கள் என்றால் மண்ணுக்குள் செம்போ செம்பு பூசியதோதான் சரி. அலுமினியத்தை எக்காரணம் கொண்டும் புதைக்காதீர்கள்.

மண் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்துக் களிமண்ணில் ஒரு ராடிலேயே நல்ல அளவு வந்துவிடும். கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பாறை மண்ணில் கடப்பாரையே இறங்காது. பாறை இருக்கும் இடத்தில் ஆழத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பிடியுங்கள். அரை மீட்டர் பள்ளம் தோண்டி, பட்டையைப் படுக்க வைத்து, பெண்டோனைட் களிமண்ணால் மூடுங்கள். கரியும் உப்பும் கொட்டுவது நம் ஊரின் பழைய முறை. முதலில் நன்றாகத்தான் இருக்கும். பிறகு மழை உப்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடும், இருக்கும்வரை உப்பு உலோகத்தை அரிக்கும். பெண்டோனைட் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அரிக்காது.

தரைக்கு அடியிலுள்ள இணைப்புகளில் ஈயப் பற்று வேண்டாம், மின்னல் சூட்டில் உருகிவிடும். வெடிமருந்துப் பொடி போல எரிந்து செம்பையே வார்க்கும் எக்ஸோதெர்மிக் வெல்டிங் சிறந்தது. இல்லையென்றால் தரமான கிளாம்ப் போட்டு, அதைத் திறந்து பார்க்க ஒரு சிறு தொட்டியும் மூடியும் வையுங்கள்.

டவர் காலில் இணைக்கும்போது செம்பை நேரடியாக ஜிஐயின் மேல் வைத்து முறுக்காதீர்கள். மழைநீர் பட்டதும் துத்தநாகம் தின்னப்படும். இடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடோ வெள்ளீயம் பூசிய லக் என்ற முனைத் தகடோ வைத்து, மூன்று காலிலிருந்தும் தனித்தனியாகக் கீழே இறக்குங்கள்.

ஸ்டே கம்பிகளை மறந்துவிடுவார்கள். மின்னலின் ஒரு பங்கு அவற்றின் வழியாகவும் இறங்கும். ஒவ்வொரு ஸ்டே ஆங்கரிலும் ஒரு ஜிஐ ராடு அடித்து, கம்பியின் அடிமுனையை அதோடு கட்டுங்கள். செம்பு அமைப்போடு நேரடித் தொடர்பு இருந்தால் ஆங்கர் மண்ணுக்குள்ளேயே அரித்து, ஒரு நாள் காற்றில் டவர் சாயும். அதனால் ஸ்டேயின் நடுவில் முட்டை இன்சுலேட்டர் போடுங்கள், ஈபி கம்பத்து ஸ்டேயில் பார்த்திருப்பீர்களே, அதுதான். மின்னல் அதைத் தாண்டிக் குதித்துவிடும், அரிப்பு மின்னோட்டம் தாண்டாது. கிராமத்தில் இருப்பவர்கள் டவரிலும் ஸ்டேயிலும் ஆடுமாடு கட்ட விடக் கூடாது. மின்னல் இறங்கும்போது தரையில் பரவும் வோல்டேஜ், நான்கு கால் தள்ளித் தள்ளி ஊன்றியிருக்கும் மாட்டுக்கு நம்மைவிட அதிக ஆபத்து.

மொட்டை மாடியில் பைப் நட்டவர்களுக்கு

பைப்பின் அடியிலிருந்து 25×3 மிமீ பட்டையை வீட்டின் வெளிச்சுவர் வழியாக நேராகத் தரைக்கு இறக்குங்கள். 50 சதுர மிமீக்குக் குறையக் கூடாது. கைப்பிடிச் சுவரைத் தாண்டும்போது செங்குத்தாக மடக்காமல், 20 செமீ ஆரத்திலாவது வளைத்துக் கொண்டுபோங்கள். படிக்கட்டு அறை வழியாகவோ வயரிங் பைப்புக்குள்ளோ இறக்கவே வேண்டாம். இரண்டு மூலைகளில் இரண்டு பட்டை இறக்க முடிந்தால் மின்னோட்டம் பிரிந்து போகும்.

மாடியில் சோலார் பேனல், சோலார் ஹீட்டர், டிஷ் ஆன்டெனா, இரும்புக் கைப்பிடி என்று எவ்வளவோ இருக்கும். பைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் அதோடு இணையுங்கள். சோலார் போட்டவர்கள் தங்களுக்கென்று தனிக் குழிகள் போட்டிருப்பார்கள். அவையும் கீழே இதே எர்த் அமைப்பில் சேர வேண்டும்.

கேபிள் வரும் வழி

கோஆக்ஸின் மேலுறையை டவர் உச்சியில் ஒரு முறையும் அடியில் ஒரு முறையும் டவரோடு இணைக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் எர்த்திங் கிட் போதும், நீர் புகாமல் சுற்றுவதுதான் முக்கியம். அடியில் இணைத்த பிறகு, கேபிள் தரையை ஒட்டியோ தரைக்கு அடியிலோ வீட்டுக்கு வரட்டும். டவரின் பாதி உயரத்திலிருந்து நேராக ஜன்னலுக்கு இழுத்துவிடுகிறார்கள் பலர். அப்போது அந்த உயரத்தில் இருக்கும் வோல்டேஜ் முழுவதும் கேபிளோடு ஷேக்குக்கு வரும். மேலே சொன்ன மீட்டருக்கு 10,000 வோல்ட் கணக்கை வைத்துப் பார்த்தால், 6 மீட்டர் உயரத்துக்கு என்ன ஆகும் என்று தெரியும்.

வீட்டுச் சுவரின் வெளிப்பக்கம் ஒரு செம்புத் தகடு வையுங்கள். உள்ளே போகும் ஒவ்வொரு கேபிளும் இந்தத் தகட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அதிக வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் வாயுக் குழாய் அரெஸ்டர் கோஆக்ஸுக்கு இங்கேதான் உட்காரும். 50 ஓமில் 100 வாட் என்றால் உச்ச வோல்டேஜ் 100. ஆன்டெனா எவ்வளவு பொருந்தாமல் இருக்கிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் 3 ஆனால் 150 வரை போகும். ஆகவே 100 வாட் ரிக்குக்கு 230 வோல்ட் குழாய் பொருந்தும். 400 வாட்டுக்கு உச்சம் 200, எஸ்டபிள்யூஆரையும் சேர்த்தால் 300. அதற்கு 350க்கு மேலான குழாய் வாங்குங்கள். 90 வோல்ட் குழாய் ரிசீவருக்கு மட்டும்தான். யாகியைத் திருப்பும் ரோட்டேட்டர் மோட்டாரின் கேபிளில் ஒவ்வொரு இழைக்கும், அதிக வோல்டேஜில் மட்டும் கடத்தும் வேரிஸ்டர் ஒன்று இதே தகட்டில். கோஆக்ஸைப் பாதுகாத்துவிட்டு ரோட்டேட்டர் கேபிளை விட்டுவிட்டால் கதவைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

தகட்டிலிருந்து நேர் கீழே ஒரு பட்டை, அதன் அடியில் ஒரு ராடு. இனி எல்லாவற்றையும் சேர்க்கும் வேலை. டவர் அமைப்பு, தகட்டின் ராடு, வீட்டு எர்த் குழி மூன்றையும் தரைக்கு அடியில் ஒரே கடத்தியால் இணையுங்கள். 16 சதுர மிமீ செம்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும், செலவு தாங்கினால் பட்டையே போடுங்கள். வீட்டைச் சுற்றி வளையமாகப் போட முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் இந்த இணைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

இணைத்தாலும் மின்னலின் ஒரு பங்கு வீட்டு வயரிங்கைத் தேடி வரும். அதற்கு டிபியில் டைப் 2 எஸ்பிடி என்ற மின்னெழுச்சித் தடுப்பான் வேண்டும். நம் ஊர் சிங்கிள் ஃபேஸ் இணைப்புக்கு 1+1 வகை என்று கேட்டு வாங்குங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வேரிஸ்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வாயுக் குழாய் இருக்கும். அதன் இணைப்பு ஒயர்கள் மொத்தமாக அரை மீட்டரைத் தாண்டக் கூடாது.

மேசைக்குப் பின்னால்

மேசையின் நீளத்துக்கு ஒரு செம்புப் பட்டை. ரிக், பவர் சப்ளை, ஆன்டெனா டியூனர், லீனியர் ஆம்ப்ளிஃபயர், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலிருந்தும் ஆளுக்கொரு குட்டையான கடத்தி இந்தப் பட்டைக்கு வர வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு என்று சங்கிலியாகக் கோர்க்காதீர்கள். மேசையிலுள்ள எல்லாவற்றுக்கும் கரண்ட் ஒரே பவர் போர்டிலிருந்து வரட்டும். இன்டர்நெட் கேபிள் செம்பாக இருந்தால் அதுவும் மின்னலுக்கு ஒரு வாசல். ஃபைபர் இணைப்பு என்றால் அந்தக் கவலை இல்லை.

ரேடியோ அலைவரிசையில் இந்த எர்த் எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு விஷயம். 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 10.5 மீட்டர். மூன்றாவது மாடியிலிருந்து தரைக்கு இறங்கும் எர்த் ஒயரும் ஏறக்குறைய அந்த நீளம்தான். கீழ்முனை தரையில் இருந்தால் மேல்முனை அந்த அலைவரிசைக்கு எர்த்தே இல்லாததுபோல ஆகிவிடும். மைக் உதட்டில் சுடும், கம்ப்யூட்டர் தடுமாறும். முதல் மாடியிலிருக்கும் ஷேக்குக்கு 28 மெகாஹெர்ட்ஸில் இதே கதை நடக்கலாம், அங்கே கால் அலை 2.6 மீட்டர்தான். இதற்காக எர்த்தைக் கழற்றிவிடக் கூடாது, தடித்த ஒயர் போட்டும் பயனில்லை. டைபோலின் நடுவில், கோஆக்ஸ் மேலுறையின் வெளிப்பக்கம் ரேடியோ மின்னோட்டம் வராமல் தடுக்கும் நல்ல கரண்ட் பாலன் போடுங்கள். கோஆக்ஸை 31 வகை ஃபெரைட் வளையத்தில் பல சுற்று சுற்றுங்கள். முனையில் ஊட்டும் ஒயர் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் ஆன்டெனாவுக்கு மறுபாதியாக நிற்கும் கவுன்டர்பாய்ஸ் ஒயர் ஒன்றைக் கால் அலை நீளத்தில் விரித்தால் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும்.

அளந்து பார்ப்பது

எலக்ட்ரீஷியன்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, நன்றாக எரிகிறது, எர்த் பிரமாதம் என்பார்கள். அந்தப் பல்பின் தடை 529 ஓம். எர்த் 100 ஓம் என்று மோசமாக இருந்தாலும் பல்புக்கு 190 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும், எரியத்தான் செய்யும். இதை அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தச் சோதனையே ஆபத்தானதும்கூட.

எர்த் டெஸ்டரை வாடகைக்கு எடுங்கள். வீட்டு இணைப்பைச் சேர்ப்பதற்கு முன், ஒரு ராடை மட்டும் தனியே அளப்பதாக இருந்தால், டெஸ்டரின் கரண்ட் ஆணியை ராடிலிருந்து 30 மீட்டர் தொலைவிலும் வோல்டேஜ் ஆணியை அதே கோட்டில் 62 சதவீதத்தில், அதாவது 18.6 மீட்டரிலும் அடியுங்கள். வோல்டேஜ் ஆணியை இரண்டு மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி அளந்தால் எண் அதிகம் மாறக் கூடாது. மாறினால் கரண்ட் ஆணியை இன்னும் தள்ளி அடிக்க வேண்டும். ராடுகள் பரவிக் கிடக்கும் முழு அமைப்பையும் அளக்க இன்னும் அதிகத் தூரம் வேண்டும்.

மழைக்காலத்தில் அளந்து மகிழ வேண்டாம். சித்திரை வெயிலில் மண் காய்ந்து கிடக்கும்போது அளங்கள். கோடை இடிமழை வருவதும் அப்போதுதான். 10 ஓமுக்குள் இருந்தால் நல்லது. பாறை நிலத்தில் அது கிடைக்காமல் போகலாம். அங்கே இன்னொரு ராடுக்காக அலைவதைவிட, எல்லா இணைப்பும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறதா, முறுக்கு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

இடி கேட்டால்

இவ்வளவும் செய்த பிறகும் மின்னல் நேரத்தில் ரிக்கைத் தொடக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவிலுள்ள நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் வரும். 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர், அடுத்த மின்னல் உங்கள் டவரில் விழப் போதுமான பக்கம். கேபிளைக் கழற்றுவதானால் இடி கேட்பதற்கு முன்பே கழற்றுங்கள், கேட்ட பிறகு கையை வைக்காதீர்கள். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிட்டிருக்கும் தாமினி செயலி பக்கத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். கழற்றிய கேபிளை அறைக்குள் தொங்கவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். வெளித்தகட்டில், எர்த்தோடு இணைத்த ஒரு கனெக்டரில் மாட்டுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, பங்குனி வாக்கில், டவர் கால் இணைப்புகளைத் திறந்து துரு பார்த்து, சுத்தம் செய்து, மறுபடி முறுக்குங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். பக்கத்தில் மின்னல் விழுந்தது தெரிந்தால், அரெஸ்டரின் வாயுக் குழாயைக் கழற்றி மீட்டரில் பாருங்கள். தொடர்பு காட்டினால் அது ஷார்ட் ஆகிவிட்டது, புதியது போட வேண்டும். எஸ்பிடியின் சிறு ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியிருந்தால் அதையும் மாற்றுங்கள். அரெஸ்டர் குழாய் ஒன்றிரண்டும் எஸ்பிடி கார்ட்ரிட்ஜ் ஒன்றும் எப்போதும் கைவசம் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்த வாரத்தில் தேடிப் போனால் கடையில் கிடைக்காது.